கலஹா மலையிலே கணினியும் மின்சாரமும்

கண்டி மாநகரைக் காணச் செல்லும் யாத்திரிகர்களிற் பெரும்பாலோர் தலதா மாளிகையைப் பார்த்து, குளக்கரையில் உலாவி, பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு பகற்பொழுதைக் கழித்துவிட்டு, அங்கிருந்து நுவரெலியாவுக்குப் புறப்பட்டு விடுவது வழக்கம். பேராதனையிலே கலஹாச் சந்தி என்று ஓர் இடம் உண்டு. பஸ் கொண்டக்டர் அப்பெயரைக் கூவக் கேட்டவர்கள் அநேகர். அந்தச் சந்தியிற் பிரிந்து மலையேறும் வீதி எவ்வூருக்குப் போகிறதென்று விசாரித்தவர்கள் சிலரே. அவ்வீதி கொண்டு சேர்க்கும் சிறு பட்டினந்தான் கலஹா. சுற்றிலும் தேயிலை மலைகள், அம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள், அடுத்துத் தெல்தோட்டை, அதற்கும் அப்பால், இலங்கைத் தேயிலைக்கே தாய்வீடான லூல்கந்துரத் தோட்டம்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில் நாங்கள் இருவர் அவ்வூருக்குப் பிரயாணம் செய்தோம். எங்களில் ஒருவர் கணினி திருத்தும் தொழிலில் நன்கு பழகியவர். கலஹாவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வாழும் உறவினர் வீட்டு மகனுக்கு, அவனுடைய கணினியில் இரண்டு பாகங்களை மாற்றிக் கொடுப்பதே பிரயாணத்தின் நோக்கம். பையன் உயர்தர வகுப்பு மாணவன். கணினி விளையாட்டுகளில் மிகுந்த பிரியமுள்ளவன். செலவுக்கென்று வீட்டார் ஒதுக்கியிருந்த தொகை 30,000 ரூபா.

இத்தொகையின் பெறுமதியை நகரவாசிகள் சரிவர அறிந்துகொள்ள வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி 30,000 ரூபா என்பது, பையனின் தாயார் முதுகிற் கூடையைச் சுமந்து இருபத்திரண்டு நாட்கள் கொழுந்து பறித்த கூலி. இருபத்திரண்டு நாட் கூலியை ஒரு யந்திரத்துக்குச் செலவிடுவது சரிதானா, செலவிட்டால் எப்படிச் செலவிடுவது என்னும் கேள்வியே இப்பிரயாணம் முழுவதும் எங்களோடு கூடவே வந்தது.

கண்டிக் கடைவீதியில்

புறப்படுவதற்கு முன்பே பையனிடம் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லியிருந்தோம். கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டின் பெயரையும், ராம் தகட்டில் ஒட்டியுள்ள சீட்டையும், பவர் சப்ளையின் பக்கத்திலுள்ள அட்டவணையையும் தெளிவாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி கேட்டோம். கடைக்குப் போகுமுன் செய்யவேண்டிய முதல் வேலை இதுவே. மலையிலிருந்து கண்டிக்கு வந்து, பொருந்தாத பாகத்தை வாங்கிக்கொண்டு போய், மறுபடியும் மாற்றுவதற்கு வந்தால் பஸ் காசும் ஒருநாட் பொழுதும் வீணாகும்.

படங்களைப் பார்த்தபோது விஷயம் விளங்கிற்று. புரொசசர் இன்டெல் ஐ5-9400எப். மதர்போர்ட் எச்310 வகையைச் சேர்ந்தது. அதில் ராம் செருகும் இடங்கள் இரண்டு. ஒன்றில் 8 ஜி.பி. அளவுள்ள டி.டி.ஆர்.4 தகடு இருந்தது. மற்றது வெறுமையாகக் கிடந்தது. ஆகவே இருக்கும் தகட்டை எறிந்துவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கவேண்டிய அவசியமில்லை. அதே அளவுள்ள இன்னொன்றை வாங்கினாற் போதும்.

கடைக்காரர் 3200 வேகமுள்ள தகடொன்றை எடுத்து வைத்து, "இதுதான் இப்போது நல்லது, சேர்" என்றார். எச்310 மதர்போர்டில் 2666க்கு மேற்பட்ட வேகம் எடுபடாது. 3200 தகட்டைச் செருகினாலும் அது 2666 வேகத்திலேயே ஓடும். தீங்கொன்றும் இல்லை, இலாபமும் இல்லை. அன்றியும், வர்ண விளக்குகள் மினுங்கும் தகடுகளுக்குத் தனி விலை. விளக்கு மினுங்குவதால் விளையாட்டு விரைந்து ஓடப்போவதில்லை. ஆதலின் விளக்கில்லாத, பாவித்த தகடொன்றை, ஒரு மாத உத்தரவாதத்துடன் வாங்கினோம். ஒதுக்கிய பணத்திற் காற்பங்குக்கும் குறைவாகவே அதற்குச் செலவாயிற்று.

பவர் சப்ளையைப் பொறுத்தமட்டில் சிக்கனத்தின் நியதி வேறு. பாவித்த ராம் வாங்கலாம். பாவித்த பவர் சப்ளை வாங்கலாகாது. ராமில் அசையும் பாகமோ எளிதில் தேயும் பாகமோ இல்லை. பழுதிருந்தால் ஓரிரவுச் சோதனையிற் பெரும்பாலும் தெரிந்துவிடும். பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தினால் ஆண்டுதோறும் வலுவிழப்பவை; அதனுள் சுழலும் விசிறியும் தேய்வது. அது கெட்டுப்போகும்போது தன்னோடு மற்றப் பாகங்களையும் கெடுத்துவிட்டுப் போவதுண்டு. ஆதலால் மீதிப் பணத்திற் பெரும்பகுதியைக் கொடுத்து, '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை பெற்ற 550 வாட் பவர் சப்ளை ஒன்றைப் புதிதாகவே வாங்கினோம். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம்.

சந்தியிலிருந்து மலைக்கு

கலஹாச் சந்தியைத் தாண்டியதும் வீதி பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகவே செல்கின்றது. 1942இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகம், பின்னர் மகாவலியின் கரையிலுள்ள இவ்விடத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸின் பெயர் இன்றும் இங்கே பேசப்படுகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஈழத்து நாட்டுக்கூத்துக்குப் புத்துயிரூட்டியதும் இந்த வளாகத்திலேதான். ஓங்கி வளர்ந்த மரங்களும், ஹந்தானை மலையின் நீலச் சரிவும், புத்தகமும் கையுமாகச் செல்லும் மாணவரும் கண்ணுக்கு இனிய காட்சி. தோட்டத்து லயன்களிலிருந்து இவ்வளாகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, இந்தச் சில மைல் தூரம் உண்மையில் மிக நெடிய பிரயாணம்.

ஹிந்தகலையைக் கடந்தபின் பஸ் வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. ஒரு பக்கம் கித்துள் மரங்களும் மிளகுக் கொடியும் சூழ்ந்த சிங்களக் கிராமத்துத் தோட்டங்கள். மற்றப் பக்கம் பள்ளத்தாக்கு. மேலே போகப் போக வீட்டுத் தோட்டங்கள் மறைந்து தேயிலை தொடங்கிவிடுகிறது. கலஹாவில் இறங்கியபோது மெல்லிய மூடுபனி கடைத்தெருவைத் தொட்டுக்கொண்டு நின்றது. பலசரக்குக் கடைகள், மரக்கறிக் கடைகள், தொலைபேசி திருத்தும் கடை, கோயிலிலிருந்து வரும் பாட்டு, முச்சக்கர வண்டிகளின் வரிசை. தமிழும் சிங்களமும் ஒரே வாயிலிருந்து மாறி மாறி வருவதைக் கேட்பதே இவ்வூரின் தனிச்சிறப்பு.

இங்குள்ள மக்களின் முன்னோர் கோப்பிக் காலத்திலும், பின்னர் தேயிலைக் காலத்திலும் தமிழகத்தினின்றும் வந்தவர்கள். 1948இல் நிறைவேறிய சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. எஞ்சியோரின் குடியுரிமைக் கேள்வி முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இப்பகுதியில் எந்த வீட்டில் உட்கார்ந்து பேசினாலும், நீலகிரியிலோ கூடலூரிலோ வாழும் ஒரு சித்தப்பாவின் பெயரோ ஓர் அத்தையின் பெயரோ பேச்சில் வரத்தான் செய்யும். நாங்கள் சென்ற வீட்டிலும் அப்படியே. பையன் வாரந்தோறும் இணையத்தில் கூடி விளையாடும் குழுவிலே, கூடலூரிலுள்ள அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணனும் ஒருவன். கப்பலேறிப் பிரிந்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இருவர் இப்படிச் சந்தித்துக்கொள்கிறார்கள் என்பதை அறிந்தபோது, விளையாட்டைப் பற்றிய எங்கள் அபிப்பிராயம் சற்றே உயர்ந்தது.

யந்திரத்தின் நோய்

இஸ்தோப்பிலே பிளேன்டீயும் ரொட்டியும் சம்பலும் தந்து உபசரித்தார்கள். பின்பு காம்பராவுக்குள் அழைத்துச் சென்று கணினியைக் காட்டினார்கள். அதன் நோய் இரண்டு வகை. முதலாவது, 'பப்ஜி' போன்ற விளையாட்டு நடந்துகொண்டிருக்கையில் படம் திடீரென்று திக்கித் திக்கி நிற்கும். இரண்டாவது, சில வேளைகளில் எவ்வித எச்சரிக்கையுமின்றி யந்திரம் முழுவதும் அணைந்துவிடும். இரண்டாவது நோய், கொழும்பிலுள்ள அத்தான் தாம் பாவித்த ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் என்னும் கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்த பிறகே தோன்றியதாம்.

முதல் நோய்க்குக் காரணம் ராம் போதாமையே. இதனைத் தேயிலை ஸ்டோரை அறிந்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். மலையிலிருந்து வரும் கொழுந்தை முதலில் வாட்டும் தட்டுகளிற் பரப்புகிறார்கள். அங்கிருந்தே உருட்டும் யந்திரத்துக்கு அது போகிறது. யந்திரம் எவ்வளவு வலியதாயினும், வாட்டும் தட்டில் இடமில்லாவிட்டால் கொழுந்து லொறியிலேயே காத்துக் கிடக்கும். யந்திரம் சும்மா நிற்கும். கணினியின் டிஸ்க் அந்த லொறி. புரொசசர் அந்த யந்திரம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வாட்டும் தட்டே ராம். 'பப்ஜி' விளையாட்டைத் தயாரித்தவர்கள் ஆகக் குறைந்தது 8 ஜி.பி. வேண்டுமென்றும், 16 ஜி.பி. இருப்பது உசிதமென்றும் அறிவித்திருக்கிறார்கள். விண்டோஸும் இணைய உலாவியும் தமது பங்கை எடுத்துக்கொண்ட பின் 8 ஜி.பி.யில் விளையாட்டுக்கு மிஞ்சுவது சொற்பம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது நினைவகம் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்ததைக் கண்டோம்.

இன்னொன்றும் உண்டு. ராம் தகடு ஒன்று மட்டும் இருந்தால், புரொசசருக்கும் அதற்கும் இடையே ஒரே பாதைதான் திறந்திருக்கும். 2666 வேகத்தில் அப்பாதை வழியாக வினாடிக்கு ஏறத்தாழ 21 ஜி.பி. செல்லலாம். இரண்டு தகடுகளை இரண்டு தடங்களில் வைத்தால் அது 42 ஜி.பி. வரை உயரும். ஆதலால் இரண்டாவது தகடு இடத்தைக் கூட்டுவதோடு வீதியையும் இருவழியாக்குகின்றது.

இரண்டாவது நோய் அபாயமானது. பழைய பவர் சப்ளையின் மேல் '450 வாட்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பக்கத்திலுள்ள சிறிய அட்டவணையை வாசித்துப் பார்த்தால் உண்மை வேறு. புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் தடத்திலிருந்துதான். அத்தடத்துக்கு அட்டவணை காட்டியது 16 அம்பியர் மாத்திரம். 12ஐ 16ஆற் பெருக்கினால் 192 வாட். இனிச் செலவைப் பாருங்கள்: புரொசசருக்கு 65 வாட், கிராபிக்ஸ் கார்டுக்கு 125 வாட், மதர்போர்ட், டிஸ்க், விசிறிகள் முதலியவற்றுக்குச் சுமார் 50 வாட்; ஆக 240 வாட். 192 வாட் தரக்கூடிய ஒன்றிடம் 240 வாட் கேட்டால் அது எப்படித் தாங்கும்? சுமை ஏறிய கணத்திலே அணைந்துபோனது ஆச்சரியமன்று. தீப்பிடியாமல் அணைந்தது அவ்வீட்டாரின் நல்ல காலம்.

இன்னும் மோசமான விஷயமொன்றையும் கண்டோம். பழைய பவர் சப்ளையில் கிராபிக்ஸ் கார்டுக்குரிய எட்டுமுனை வயரே இல்லை. டிஸ்குக்குரிய மெல்லிய வயரிலிருந்து மாற்றி ஒன்றின் மூலம் மின்சாரத்தை எடுத்திருந்தார்கள். அம்மாற்றியின் பிளாஸ்டிக் ஓரிடத்திற் பழுப்பேறி இளகியிருந்தது. அதனைத் தாயாருக்குக் காட்டினோம். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ராத்திரி பூரா இங்கதான் ஓடும், ஐயா. பக்கத்துலதான் சின்னவ படுத்திருப்பா" என்றார். அதுகாறும் பையனின் விளையாட்டுச் சாமானாக அவருக்குத் தோன்றிய விஷயம், அக்கணத்தில் வீட்டின் பாதுகாப்பு விஷயமாயிற்று. லயன் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு காம்பராவிற் பற்றிய நெருப்பு வரிசை முழுவதையும் தீண்டும் என்பதை மலைநாட்டார் பட்டறிந்திருக்கிறார்கள்.

ஆகவே குறைந்த பணத்தோடு கணினியை மேம்படுத்த விரும்பும் மாணவர்கள் ஒழுங்கை நினைவிற் கொள்வார்களாக. முதலிற் பவர் சப்ளை, அதன்பின் ராம், கிராபிக்ஸ் கார்டு கடைசியில். பெரும்பாலோர் இவ்வொழுங்கைத் தலைகீழாகவே பின்பற்றுகிறார்கள்.

ஒரு பிற்பகல் வேலை

வேலைக்கு வேண்டிய ஆயுதம் ஒரு ஸ்டார் திருப்புளி மட்டுமே. சுவரிலுள்ள பிளக்கைக் கழற்றியபின், கணினியின் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வடியவிட்டோம். கேசிங்கின் வெறும் உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொள்ளும்படி பையனுக்குச் சொன்னோம். உடம்பிற் சேரும் நிலைமின் ராமைக் கெடுக்க வல்லது. வயர்கள் இருந்த இடங்களையெல்லாம் முதலிற் படமெடுத்துக்கொண்டான்.

பழைய பெட்டியைக் கழற்றினோம். அதைத் திறந்து பார்க்க அவன் ஆசைப்பட்டான். அதற்கு மாத்திரம் இடங்கொடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றிய பின்னரும் பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் உயிராபத்தை விளைவிக்கக்கூடிய மின்னைத் தேக்கி வைத்திருக்கும். பவர் சப்ளையைத் திறப்பது அத்தொழிலிற் பயின்றவர்களின் வேலை.

புதியதை நான்கு ஆணிகளால் இறுக்கி, மதர்போர்டுக்கு இருபத்துநான்கு முனை வயர், புரொசசருக்கு அதற்குரிய வயர், கிராபிக்ஸ் கார்டுக்கு ஆறும் இரண்டும் சேர்ந்த எட்டுமுனை வயர், டிஸ்குகளுக்குச் சாட்டா வயர் என்று ஒவ்வொன்றாகப் பையனே செருகினான். வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய பவர் சப்ளைகளும் உண்டு. அவற்றில் ஒன்றின் வயரை இன்னொன்றிற் பாவிப்பது பெருந்தவறு. முனை ஒத்துப் போனாலும் உள்ளே ஒழுங்கு மாறியிருக்கும்.

ராம் தகட்டின் அடியில் ஒரு வெட்டு உண்டு. அது மதர்போர்டிலுள்ள மேட்டோடு பொருந்தினால்தான் இறங்கும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகியவற்றுக்கு வெட்டின் இடம் வெவ்வேறு. இறங்காவிட்டால் பலவந்தம் செய்யலாகாது. வகை மாறியிருக்கிறதென்று அறிய வேண்டும். இரு நுனியையும் சமமாக அழுத்தியபோது, 'டக்'கென்ற ஓசையுடன் கொளுக்கி பூட்டிக்கொண்டது. மின்சாரத்தைக் கொடுத்து பயாஸைத் திறந்தோம். நினைவகம் 16,384 எம்.பி., இரட்டைத் தடம் என்று காட்டிற்று. பையனின் முகத்திலே தோன்றிய மலர்ச்சியை வருணிப்பது கடினம்.

அன்றிரவு விளையாட்டு அனுமதிக்கப்படவில்லை. 'மெம்டெஸ்ட்86' என்னும் சோதனையை ஓடவிட்டு, விடியும் வரை ஒரு பிழையேனும் வருகிறதாவென்று பார்க்கத் தீர்மானித்தோம். பாவித்த தகட்டை உத்தரவாதக் காலம் முடியுமுன் சோதிப்பதே அறிவுடைமை.

மலையின் மின்சாரம்

இரவு பேச்சு மின்சாரத்தின் பக்கம் திரும்பிற்று. நாங்கள் வந்த வழியில் அமைதியாக ஓடிய மகாவலியே கண்டிக்குக் கீழே பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, அப்பால் விக்டோரியா அணையில் 210 மெகாவாட் மின்சாரத்துக்கு மூலமாகின்றது. மின்சாரம் பிறக்கும் மலைநாட்டிலேயே அது நிலையாகக் கிடைப்பதில்லை என்பது விசித்திரம். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை நாடே அனுபவித்தது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த சேஷ்டையால் நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சரே அறிவித்தார். இவற்றோடு, பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல்தோறும் இடிமின்னல் வேறு.

ஆதலால் மலையில் கணினி வைத்திருப்போர் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். பழைய வீடுகளில் வட்டமுனைப் பிளக்குகள் உள்ளன. இருமுனை மாற்றி போட்டு மூன்றுமுனைப் பிளக்கைச் செருகினால் நிலத்தொடுப்பு அறுந்துவிடும். கேசிங்கைத் தொடும்போது சுரீரென்று கடிக்கும். அவ்வீட்டிலும் அப்படியே இருந்தது. மிஞ்சிய பணத்தில் நல்ல சொக்கெட் ஒன்றைக் கலஹாக் கடையில் வாங்கி, தோட்டத்து மின்தொழிலாளி ஒருவரைக் கொண்டு நிலத்தொடுப்புடன் பொருத்துவித்தோம். இடி முழங்கத் தொடங்கியதும் சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றிவிட வேண்டும் என்பதைச் சிறியவளுக்கும் சொல்லிக் கொடுத்தோம்.

தாயார் மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்டார். "550ன்னு போட்டிருக்கே, அவ்வளவும் இழுக்குமா?" என்பது அவருடைய சந்தேகம். அப்படியன்று. 550 என்பது கொடுக்கக்கூடிய எல்லை. கணினி கேட்பதை மட்டுமே அது கொடுக்கும். பிரான்ஸ் முத்திரையுள்ளது பாதிச் சுமையில் நூற்றுக்கு 85 பங்கு திறனுடன் வேலை செய்வது. 240 வாட்டைக் கொடுக்க அது சுவரிலிருந்து ஏறக்குறைய 282 வாட் எடுக்கும். நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் விளையாடினால் மாதத்துக்கு 25 அலகு ஆகும். திறன் நூற்றுக்கு 70 ஆக உள்ள பெட்டியென்றால் அதே வேலைக்கு 31 அலகு வேண்டும். வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடுவதால், இந்த ஐந்தாறு அலகும் ஏழை வீட்டுக்குச் சிறு விஷயமன்று. இக்கணக்கை ஒரு கடதாசியில் எழுதி, மணிநேரத்தையும் வரையறுத்து, பையனே சுவரில் ஒட்டினான்.

லூல்கந்துரையில்

சோதனை காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடைவேளையில் தெல்தோட்டை வழியாக லூல்கந்துரைக்குப் போனோம். பையனும் உடன் வந்தான். 1852இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த இளைஞரான ஜேம்ஸ் டெய்லர், 1867இல் இங்கே 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் இலங்கையிற் காணப்பட்ட கோப்பி இலைநோய் சில ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தபோது, நாட்டைக் காப்பாற்றியது அந்தத் தேயிலைதான்.

டெய்லர் தொடங்கிய விதத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் அவருக்குத் தொழிற்சாலை இருக்கவில்லை. பங்களாவின் இஸ்தோப்பிலே மேசையில் இலையைக் கையால் உருட்டினார்கள். களிமண் அடுப்பிற் கரிநெருப்பிலே காய்ச்சினார்கள். 1872இல்தான் உருட்டும் யந்திரம் வந்தது. 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போயிற்று. கையிலிருப்பதை வைத்துத் தொடங்கி, எது தடையாக நிற்கிறதோ அதனை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றியதே அவர் கண்ட முறை. 1892இல் காலமான அவருடைய கல்லறை கண்டி மகியாவையில் இருக்கின்றது. அந்த மேசையில் இலையை உருட்டிய தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெயர் பொறித்த கல் எதுவும் இல்லை. அவர்கள் வழிவந்தவர்கள் அம்மலையிலேயே இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது சோதனை ஒரு பிழையுமின்றி முடிந்திருந்தது. பையன் விளையாட்டைத் திறந்தான். திக்கலும் இல்லை, திடீரென்று அணைதலும் இல்லை. அரைமணிநேரத்தின் பின் தானாகவே அதை மூடிவிட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் படமெடுத்ததாகச் சொல்லி, அதனை வெட்டி ஒட்டும் வேலையைக் காட்டினான். முன்பு அந்தக் காரியத்துக்கும் கணினி இடங்கொடாமல் தவித்ததாம். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா ஆகியவற்றின் படங்களைத் தொகுத்துக் கொடுக்க இரண்டு மூன்று பேர் ஏற்கனவே கேட்டிருந்தார்கள். விளையாட்டுக்கு வேண்டிய ராமும் மின்வலுவுமே இவ்வேலைக்கும் வேண்டியவை. தாயாரின் இருபத்திரண்டு நாட் கூலி எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு, அந்தத் திருவிழாப் படம் ஓரளவு விடை சொல்லிற்று.

பின்பு நடந்தவை

நாங்கள் திரும்பி வந்த சில மாதங்களில் உலகில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த இலவச ஆதரவு முடிவடைந்தது. பையனின் புரொசசர் ஒன்பதாந் தலைமுறையைச் சேர்ந்ததாகையால் விண்டோஸ் 11 அதில் ஓடும். புதுக் கணினி வாங்கும் செலவு தப்பிற்று. மற்றது ராமின் விலை. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருவாரியாகக் கொள்வனவு செய்ததனால், 2025இன் பிற்பகுதியில் உலகமெங்கும் ராம் விலை மிக வேகமாக ஏறிற்று. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுப் பாவனையாளருக்கென 'குரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்த வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் எழும்பும் கட்டடம் கலஹாவில் ஒரு மாணவனின் கொள்வனவைத் தடுக்கக்கூடிய காலம் இது. ஆதலின், இருக்கும் தகட்டை வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் சேர்ப்பதும், பாவித்ததைச் சோதித்து வாங்குவதும் இப்போது முன்னைவிடப் பயன்தரும் வழிகள்.

அதே நவம்பர் மாத இறுதியில் திட்வா புயல் இலங்கையைத் தாக்கியது. மண்சரிவினால் மிகுந்த உயிர்ச்சேதம் அடைந்த மாவட்டங்களிற் கண்டியும் ஒன்று. பல நாள் தொலைபேசித் தொடர்பு கிட்டாமல் நாங்கள் அடைந்த கவலை கொஞ்சமன்று. ஒருவாறு தொடர்பு கிடைத்தபோது, வீட்டார் யாவரும் பாடசாலையொன்றிற் தங்கிப் பத்திரமாக இருப்பதாக அறிந்தோம். இறங்கிப் போகுமுன் சிறியவள் ஓடிச்சென்று பிளக்கைக் கழற்றிவிட்டு வந்தாளாம். மின்சாரம் மீண்டபோது பலமுறை வந்து வந்து போனதாம், கணினிக்குச் சேதமில்லை. பையன் அந்நாட்களில் தெல்தோட்டைப் பக்கத்துப் பாதைகளைத் தொலைபேசியிற் படமெடுத்து, பின்னர் அவற்றைத் தொகுத்து, எங்கெங்கே வீதி உடைந்திருக்கிறதென்று அயலவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை, வரவுக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 ரூபாவாக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. மலைநாட்டுப் பெற்றோருக்கு ஒவ்வொரு ரூபாவும் இப்படிப் போராடிக் கிடைப்பது. அவர்கள் பிள்ளைகளுக்காகக் கணினி வாங்குகிறார்கள் என்றால், அதில் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்பதே பொருள். அந்த நம்பிக்கைக்கு ஈடு செய்ய விரும்பும் மாணவர்கள், மினுங்கும் விளக்கிலும் பெட்டியின் மேலுள்ள பெரிய எழுத்திலும் மயங்காமல், பக்கத்திலுள்ள சிறிய அட்டவணையை வாசிக்கப் பழகுவார்களாக. கண்டிக்குப் போகும் வாசகர்கள், ஒருமுறையேனும் கலஹாச் சந்தியில் அந்த மலைப்பஸ்ஸில் ஏறிப் பார்ப்பார்களாக. வீதியும் மலையும் மனிதரும் அவர்களை ஏமாற்றமாட்டார்கள்.